தனி ராயலசீமை வந்தால் நகரி, சித்தூர், குப்பம் தமிழர்கள் எங்கே நிற்பது?

நகரித்_தறி:
நவம்பர் 16 நெருங்குகிறது. ராயலசீமைக்கு, அதாவது ஆந்திராவின் கர்னூல், அனந்தபூர், கடப்பா, சித்தூர்ப் பகுதிக்கு, 1937-இல் வாக்குக் கொடுத்த ஸ்ரீபாக் ஒப்பந்த நாள் பேச்சு திருப்பதியிலும் கர்னூலிலும் மறுபடி சூடு பிடித்திருக்கிறது. தலைநகரம் கொடு, இல்லாவிட்டால் உயர் நீதிமன்றம் கொடு, இரண்டும் இல்லையென்றால் எங்களைத் தனியாக விட்டுவிடு என்பதுதான் வழக்கம்போல சாரம். எங்கள் ஏகாம்பரகுப்பம் பக்கம் தறி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு ஸ்ரீபாக் என்றால் ஊரா ஆளா என்றே தெரியாது. ஆனால் தெலங்கானா பிரிந்ததைப் பார்த்த பிறகு இதையும் நடக்காது என்று யாரும் தள்ளிவிடுவதில்லை.

டீக்கடையில் மூன்று விதமாகப் பேசுகிறார்கள். சீமையோடு போகலாம் என்கிறார் ஒருவர். அமராவதியோடு இருந்தால்தான் நாலு காசு வரும் என்கிறார் அடுத்தவர். மூன்றாமவர், எப்படியும் கோடு போடப்போகிறார்கள், அப்போதே நம்மைத் திருத்தணியோடு சேர்த்துவிடச் சொல்லலாம் என்கிறார். எனக்கு மூன்றாவது ஆசைதான். ஒளிப்பானேன்? தமிழ்நாட்டில் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். அது எல்லைக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம்.

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சண்டை வேண்டாம்.

வடவேங்கடம்:
இதில் கேள்வி என்ன இருக்கிறது தம்பி? 1953-இல் ஆந்திரா பிரிந்தபோதே சித்தூர் மாவட்டத்தை முழுசாக அங்கே தூக்கிக் கொடுத்தார்கள். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியிராவிட்டால் திருத்தணிகூட இன்று உங்கள் பக்கம்தான் இருந்திருக்கும். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்து, 1959-இல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி தாலுகா நமக்கு வந்தது. புத்தூர், சித்தூர் தாலுகாக்களில் சில கிராமங்கள் வந்தன. நகரி வரவில்லை. விட்ட குறை தொட்ட குறை அதுதான். மறுபடி கோடு போடுகிறார்கள் என்றால் முதல் குரல் நம்முடையதாக இருக்க வேண்டும்.

திருத்தணியிலிருந்து எழுதுகிறேன், எழுபது வயது தாண்டியவன். கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூர்_வக்கீல்:
ஐயா மேல் மரியாதை உண்டு, ஆனால் இரண்டு விஷயத்தை ஒன்றாகக் குழைக்கிறார்.

ஒரு மாநிலத்தைப் பிரிப்பதும் சரி, எல்லையை மாற்றுவதும் சரி, அரசியல் சட்டம் 3-ஆவது பிரிவின் கீழ் நாடாளுமன்றம் செய்வது. சாதாரணப் பெரும்பான்மை போதும். மாநில சட்டமன்றத்திடம் கருத்துதான் கேட்பார்கள், சம்மதம் தேவையில்லை. 2014 ஜனவரி 30-ஆம் தேதி ஆந்திர சட்டமன்றம் தெலங்கானா மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. என்ன ஆயிற்று? பிப்ரவரி 18 மக்களவை, 20 மாநிலங்களவை, ஜூன் 2 புது மாநிலம். நம் மாவட்டத்துக்காரர் கிரண்குமார் ரெட்டி முதலமைச்சர் பதவியையே விட்டுப் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை. ஆகவே சட்டப்படி தனிச்சீமை முடியாத காரியம் இல்லை.

ஆனால் நகரியைத் தமிழ்நாட்டோடு சேர்ப்பது வேறு கதை. 1960 மாற்றம் நடந்ததற்குக் காரணம், இரண்டு அரசுகளும் ஒரே மத்தியஸ்தரை ஏற்றுக்கொண்டதுதான். அது கொடுக்கல் வாங்கலாகவும் இருந்தது. திருத்தணி போனதற்குப் பதிலாக செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பக்கத்துக் கிராமங்கள் இங்கே வந்தன. அங்கேயும் தமிழர்கள் இருந்தார்கள், அதை யாரும் பாட்டாகப் பாடுவதில்லை. இன்று சென்னையில் எந்த அரசு நகரிக்காக ஆந்திராவோடு வழக்காடும்? கிருஷ்ணா தண்ணீர் கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வர வேண்டியிருக்கிறது. அந்தக் கால்வாய் ஓடும் வரை எல்லையைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

கடப்பா_மருமகன்:
பெண் கொடுத்த ஊர் கடப்பா, பிறந்த ஊர் பலமநேர். இரண்டு பக்க உப்பையும் தின்கிறேன். சீமைக்காரர்கள் ஏன் கொதிக்கிறார்கள் என்பதை இங்கே யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

1937 நவம்பர் 16. சென்னையில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் வீடு, பெயர் ஸ்ரீபாக். கடலோர ஆந்திரத் தலைவர்களும் சீமைத் தலைவர்களும் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். சீமைக்காரர்களுக்கு அப்போதே பயம். சென்னையிலிருந்து பிரிந்தால் கிருஷ்ணா, குண்டூர் பணக்காரர்கள் கையில் சிக்கிக்கொள்வோம் என்று. அந்தப் பயத்தைத் தீர்க்கத்தான் ஒப்பந்தம். தலைநகரமா உயர் நீதிமன்றமா என்று சீமை முதலில் தேர்ந்தெடுக்கலாம். துங்கபத்ரா, கிருஷ்ணா, பெண்ணாற்றுத் தண்ணீரில் பத்து ஆண்டுக்குச் சீமைக்கும் நெல்லூருக்கும் முன்னுரிமை. அனந்தபூரில் பல்கலைக்கழக மையம்.

பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உண்ணாவிரதமிருந்து 1952 டிசம்பரில் உயிர் விட்டார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் வந்தது. கர்னூல் தலைநகரம், குண்டூரில் உயர் நீதிமன்றம். சொன்னபடி செய்தார்கள், மறுக்கவில்லை. மூன்றே வருஷம்தான். 1956 நவம்பர் 1-இல் ஹைதராபாத்தோடு சேர்த்தார்கள், தலைநகரமும் நீதிமன்றமும் அங்கே போயின. போகட்டும் என்று சீமை வாயை மூடிக்கொண்டது. தனக்கு வர வேண்டியதை மொத்த மாநிலத்துக்காக விட்டுக்கொடுத்த பகுதி அது ஒன்றுதான். அப்புறம் 2014-இல் ஹைதராபாத் கை விட்டுப் போனதே, அப்போது நியாயமாக எங்கே திரும்பியிருக்க வேண்டும்? தலைநகரம் அமராவதி. உயர் நீதிமன்றம், அதுவும் 2019-லிருந்து அமராவதியில். 2019 டிசம்பரில் கர்னூலுக்கு நீதித் தலைநகரம் என்று சொன்னார்கள், 2020-இல் சட்டம் போட்டார்கள், 2021-இல் அவர்களே திரும்பப் பெற்றார்கள். இப்போது கர்னூலில் உயர் நீதிமன்றக் கிளை ஒன்று வைப்பதாகப் பேச்சு. கிளை!

தெலங்கானாவுக்கும் இப்படி ஒரு காகிதம் இருந்தது. 1956 பிப்ரவரி 20, கனவான்கள் ஒப்பந்தம். அதுவும் காற்றில் போனது. 1969-இல் அங்கே மாணவர்கள் தெருவில் இறங்கியதற்கு அதுதான் வேர். தண்ணீர், நிதி, வேலை என்று மூன்றையே திரும்பத் திரும்பச் சொல்லி அவர்கள் வாங்கிவிட்டார்கள். சீமை கேட்டால் மட்டும் சிரிப்பா?

புத்தூர்க்கட்டு:
எலும்பு முறிந்தால் எங்கள் ஊருக்கு வாருங்கள், கட்டிவிடுகிறோம். மாநிலம் முறிந்தால் எண்ணெய்யும் இல்லை மூங்கில் பட்டையும் இல்லை.

பாலாற்றங்கரை:
குப்பத்திலிருந்து. மருமகன் அண்ணா சொன்ன வரலாறு எல்லாம் சரி. ஒன்றை விட்டுவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி எந்த ஊர்? அனந்தபூர். தாமோதரம் சஞ்சீவையா, கோட்ல விஜயபாஸ்கர ரெட்டி கர்னூல். ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டியும் மகன் ஜெகனும் கடப்பா. கிரண்குமார் ரெட்டியும் சந்திரபாபுவும் நம் சித்தூர். ஆந்திராவை ஆண்டவர்களில் சீமைக்காரர்கள் இத்தனை பேர். எங்கள் தொகுதி 1989-லிருந்து சந்திரபாபு ஒருவரைத்தான் அனுப்புகிறது. சீமைக்கு அநியாயம் நடந்தது என்றால் அதை யார் கையெழுத்துப் போட்டு நடத்தினார்கள்?

இன்னொன்று. நாங்கள் "சீமை"யா என்பதே எனக்குச் சந்தேகம். 1800-இல் நிஜாம் வெள்ளைக்காரனுக்குத் தத்தம் செய்த பகுதியில் பெல்லாரி, அனந்தபூர், கர்னூல், கடப்பா எல்லாம் உண்டு. சித்தூரில் பெரும்பகுதி ஆற்காட்டு நவாபு கையில் இருந்தது. 1911-இல் வடஆற்காட்டிலிருந்தும் கடப்பாவிலிருந்தும் துண்டு துண்டாக எடுத்து ஒரு மாவட்டம் தைத்தார்கள். மதனப்பள்ளிக்காரர்களுக்குச் சீமை உணர்வு இருக்கலாம். எங்களுக்கு விடிந்தால் ரயில் ஏறி பெங்களூரு, உடம்புக்கு வந்தால் வேலூர், நல்ல காரியத்துக்கு ஜவுளி எடுக்க ஆம்பூர், வாணியம்பாடி. கர்னூலுக்கு எங்கள் வீட்டில் யாரும் போனதே இல்லை.

தண்ணீர்? ஹந்திரி-நீவா கால்வாய் வழியாகக் கிருஷ்ணா தண்ணீர் 2025 ஆகஸ்டில் இங்கே வந்து சேர்ந்தது. மல்யாலாவில் தூக்க ஆரம்பித்து 700 கிலோமீட்டருக்கு மேல். மாநிலம் ஒன்றாக இருந்து, எங்கள் ஆள் நாற்காலியில் இருந்ததால் வந்தது. பிரிந்திருந்தால் அனந்தபூரோடு நின்றிருக்கும், நாங்கள் வாலில் இருப்பவர்கள்.

வடவேங்கடம்:
பாலாற்றங்கரைத் தம்பிக்கு ஒரு கேள்வி. புல்லூரில் பாலாற்றுத் தடுப்பணையை 2016-இல் உயர்த்தினார்களே உங்கள் ஆந்திர அரசு, அப்போது வாணியம்பாடி விவசாயிகள் வயிற்றெரிச்சல் உங்கள் காதில் விழுந்ததா? அவர்களும் தமிழர்கள்தானே.

பாலாற்றங்கரை:
விழுந்தது ஐயா. ஆனால் அந்த அணை நிரம்பினால் எங்கள் கிணறு ஊறும். அந்தக் கிணற்றில் இறைத்துத்தான் தக்காளி போடுகிறோம். நாங்களும் தமிழர்தான், கிணறு இந்தப் பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மேல் இதை எழுதினால் சண்டை ஆகும், விடுங்கள்.

கிளிமூக்கு:
மாங்காய் வியாபாரி, சித்தூர். சரித்திரம் எனக்கு வராது. கோடு போட்டால் என்ன ஆகும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

2025 ஜூன் மாதம். தோதாபுரி, நம் பேச்சில் கிளிமூக்கு. விலை அடிமட்டத்துக்குப் போய்விட்டது. கூழ் தொழிற்சாலை கிலோவுக்கு 8 ரூபாய் கொடுக்க வேண்டும், மேலே 4 ரூபாய் அரசு கொடுக்கும் என்று அறிவித்தார்கள். அந்த நாலு ரூபாய்க்காக வெளிமாநில மாங்காய் உள்ளே வந்துவிடக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் எல்லையை மூடிற்று. கர்நாடக முதலமைச்சரே கடிதம் எழுதினார். சோதனைச் சாவடியில் போலீஸ், வருவாய்த் துறை, வனத்துறை என்று வரிசையாக நின்றார்கள். சீனிவாசபுரத்து மாங்காயும் கிருஷ்ணகிரி மாங்காயும் வழக்கமாக இங்கேதான் கூழாகும். ஏற்றின லோடு வெயிலில் நின்று தண்ணீர் விட ஆரம்பித்தால் லாரியின் பின் பலகை இடுக்கில் சாறு ஒழுகும், ஈ மொய்க்கும். டிரைவர் போனில் கேட்பான், "திருப்பட்டுமாண்ணா?" என்று. திருப்பி எங்கே கொண்டுபோவது?

இருக்கிற எல்லைகளுக்கே இந்தப் பாடு. நெல்லூருக்கும் நமக்கும் நடுவே இன்னொரு சாவடி வந்தால் கிருஷ்ணப்பட்டினம் துறைமுகம்கூட வெளிமாநிலம். மருமகன் மாப்பிள்ளை யோசித்தாரா?

சரி, பிரிந்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். சம்பளம் கொடுக்கப் பணம் எங்கே? போன வாரம் ஒருத்தர் திருப்பதி உண்டியல் போதும் என்றார். பெருமாள் காசு எப்படியய்யா மாநிலக் கஜானாவுக்கு வரும்? அது தேவஸ்தானத்துப் பணம். நிர்வாகம்தான் மாநிலத்தின் கீழ், காசு இல்லை. தெலங்கானாவுக்கு ஹைதராபாத் உள்ளே இருந்தது. சம்பாதிக்கிற பிள்ளை தன் வீட்டில் இருக்கிறவன் தனிக்குடித்தனம் போகலாம். நம் வீட்டில் எவன் சம்பாதிக்கிறான்?

கடப்பா_மருமகன்:
ஏன் இல்லை? மங்கம்பேட்டை பேரைட்ஸ் கனிமம், எர்ரகுண்ட்லா சிமெண்ட், சேஷாசலத்துச் செம்மரம், பெனுகொண்டாவில் கியா கார், கர்னூலில் 1000 மெகாவாட் சூரிய மின் பூங்கா, நம் சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டி தொழில் நகரம். ஹைதராபாத் அளவுக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். சத்தீஸ்கருக்கும் உத்தரகண்டுக்கும் 2000-இல் என்ன இருந்தது?

ஆனால் நான் பணத்துக்காகப் பேசவில்லை, நாற்காலிக்காகப் பேசுகிறேன். கிருஷ்ணா நடுவர் மன்றத்தில் யார் யார் உட்காருகிறார்கள்? மகாராஷ்டிரம், கர்நாடகம், தெலங்கானா, ஆந்திரம். பச்சாவத் நடுவர் மன்றம் கொடுத்த 811 டிஎம்சியில் ஆந்திரத்துக்கு 512, தெலங்கானாவுக்கு 299 என்று 2015-இல் தற்காலிகமாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 512-இல் பெரும்பங்கு கிருஷ்ணா டெல்டாவுக்கும் நாகார்ஜுனசாகர் பாசனத்துக்கும் போகிறது. ஹந்திரி-நீவா 40, காலேறு-நகரி 38, தெலுங்கு கங்கை 29, இவை எல்லாம் உபரி வெள்ளத்தை நம்பிக் கட்டியவை. வெள்ளம் வந்தால் உண்டு. உறுதியான ஒதுக்கீடு கிடையாது. அமராவதி வக்கீல் அங்கே எழுந்து நின்றால் முதலில் எதைக் காப்பாற்றுவார்? டெல்டாவையா, அனந்தபூரையா? சீமைக்கென்று ஒரு நாற்காலி இருந்தால் குறைந்தபட்சம் சண்டையாவது போடலாம். தெலங்கானா பிரிந்த பிறகுதான் அவர்கள் குரல் அந்த மன்றத்தில் தனியாகக் கேட்டது. இதற்குப் பதில் சொல்லுங்கள், உண்டியலை விடுங்கள்.

சித்தூர்_வக்கீல்:
இந்த இழையிலேயே இதுதான் கனமான வாதம். பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நாற்காலி கிடைக்கும். தண்ணீர் கிடைக்குமா என்பது ஸ்ரீசைலம் அணையின் அடிக்கணக்கில் இருக்கிறது. முழுக் கொள்ளளவு 885 அடி. சீமைக்கு வாய் போதிரெட்டிபாடு மதகு. 854 அடிக்குக் கீழே இறங்கிவிட்டால் அதில் சொல்லும்படி தண்ணீர் ஏறாது. முன்பு 11,000 கன அடி சொச்சம் எடுத்த மதகை 44,000 ஆக விரித்தது ராஜசேகர ரெட்டி காலத்தில். அப்போதே தெலங்கானாவில் எவ்வளவு கூச்சல்! இன்று இடது கரை மின் நிலையம் தெலங்கானாவிடம். அவர்கள் மின்சாரத்துக்காகத் தண்ணீரை இறக்கிவிட்டால் மட்டம் சரியும், மதகு காயும். அதற்காகத்தான் 800 அடியிலிருந்தே தினம் 3 டிஎம்சி தூக்கும் ராயலசீமை ஏற்றுப் பாசனத் திட்டத்தை 2020-இல் கொண்டுவந்தார்கள், சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்று பசுமைத் தீர்ப்பாயத்தில் நின்றது.

இப்போது யோசியுங்கள். இன்று தெலங்கானா மட்டத்தை இறக்கினால் நாகார்ஜுனசாகருக்கும் டெல்டாவுக்கும் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்கிறது, கடலோர ஆந்திரா நஷ்டப்படுவதில்லை. ஆனாலும் ஒரே மாநிலம் என்பதால் சீமைக்காகவும் பேசித் தொலைக்க வேண்டியிருக்கிறது. பிரிந்தால்? மேலே தெலங்கானாவும் கீழே ஆந்திராவும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்ளும், நடுவில் சீமை தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். துங்கபத்ரா பக்கம் திரும்பினால் அங்கே கர்நாடகம்.

தெலங்கானாவுக்கு நகரமும் இருந்தது, ஆறும் மேலே இருந்தது. சீமைக்கு இரண்டும் இல்லை. அதனால்தான் 2013-இல், குறை அதிகம் உள்ள சீமையே ஒன்றுபட்ட ஆந்திரா வேண்டும் என்று தெருவில் இறங்கியது. அப்போது அரசு ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம், பஸ் ஓடவில்லை, தமிழ்நாட்டு வண்டிகள் எல்லையோடு நின்றன. அனந்தபூரிலும் திருப்பதியிலும்தான் சூடு அதிகம். அந்த வருஷக் கடைசியில் கர்னூலையும் அனந்தபூரையும் தெலங்கானாவோடு சேர்த்து ராயல தெலங்கானா என்று ஒரு யோசனைகூட வந்தது. நடந்திருந்தால் கடப்பாவும் நாமும் தனியாக நின்றிருப்போம்.

தனிச்சீமை என்று அமைப்பு வைத்த பைரெட்டி ராஜசேகர ரெட்டியே பிறகு பெரிய கட்சிகளுக்குள் போனார். 2024-இல் அவர் மகள் தெலுங்கு தேசம் சார்பில் நந்தியால் எம்.பி. ஓட்டு எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

கடப்பா_மருமகன்:
ஓட்டுக் கணக்கு சொல்லாதீர்கள் வக்கீல் சார். 1971-இல் தனித் தெலங்கானா கேட்ட தெலங்கானா பிரஜா சமிதி 14 மக்களவைத் தொகுதியில் 10 ஜெயித்தது. அதே வருஷம் அதன் தலைவர் சென்னா ரெட்டி காங்கிரஸில் கரைந்தார். முடிந்தது கதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாற்பது வருஷம் கழித்து வந்ததா இல்லையா?

காவிரிக்கரை_ஈரோடு:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2021-இல் கொங்கு நாடு பேச்சு எழுந்தபோது எங்களையும் இப்படித்தான் கிண்டல் செய்தார்கள். வரி கட்டுவது நாங்கள், செலவு செய்வது சென்னை...

நெறியாளர்:
கொங்கு விவகாரத்துக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அதுவும் பூட்டப்பட்டு இருக்கிறது. இங்கே சித்தூர் மட்டும்.

டீச்சரம்மா_சத்தியவேடு:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆறு, அணை, தலைநகரம் எல்லாம் வந்தது, பிள்ளைகள் வரவில்லை. தலைப்பில் கேட்டது தமிழர்களைப் பற்றித்தானே?

நான் தமிழ்வழி தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு, தாய்மொழியில் தொடக்கக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது. வசதி என்றால் என் பள்ளியில் இதுதான்: ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர், அதில் ஒருவருக்குத் தமிழ் எழுத வராது. பாடப்புத்தகம் பள்ளி திறந்து வெகுநாள் கழித்து வரும். அதுவரை போன வருஷப் பிள்ளைகளிடம் வாங்கி, அட்டை போன புத்தகத்தை நான் கோந்து போட்டு ஒட்டிக் கொடுப்பேன். ஆறாம் வகுப்புக்கு மேல் தமிழ்வழி வேண்டுமென்றால் பெற்றோர் ஊத்துக்கோட்டைக்கோ திருத்தணிக்கோ அனுப்புகிறார்கள். அங்கேதான் வினை.

371-டி என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1969 தெலங்கானாப் போராட்டம், உள்ளூர்க்காரருக்கே வேலை என்ற முல்கி விதி பற்றிய வழக்கு, தனி ஆந்திரா கேட்ட 1972-இன் ஜெய் ஆந்திரா போராட்டம், எல்லாம் சேர்ந்து கடைசியில் ஆறு அம்சத் திட்டம் என்று வந்து அரசியல் சட்டத்தில் ஏறியது. அதன்படி மாநிலத்தை மூன்று உள்ளூர்ப் பகுதியாகப் பிரித்தார்கள். நாம் ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி, நெல்லூரும் நம்மோடுதான். பொறியியல், மருத்துவ இடங்களில் 85 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு. உள்ளூர்க்காரர் யார்? தகுதித் தேர்வோடு முடிகிற தொடர்ச்சியான நாலு வருஷம் இந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஏழு வருஷக் கணக்கு பார்ப்பார்கள். தமிழில் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டு எல்லை தாண்டி அனுப்பின பிள்ளை பன்னிரண்டாவது முடித்துத் திரும்பி வந்தால் பிறந்த ஊரிலேயே வெளியூர்க்காரன். மிச்ச 15 சதவீதத்தில் முட்டி மோத வேண்டும். சரி, தமிழ்நாட்டிலேயே சேரலாம் என்றால் சாதிச் சான்றிதழ் ஆந்திர அரசு கொடுத்தது, அங்கே ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. பொதுப் பிரிவில் போ என்பார்கள். என்னிடம் படித்த நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி நல்ல மதிப்பெண் வாங்கியும் இரண்டு பக்கமும் இடம் இல்லாமல் கடைசியில் ஸ்ரீ சிட்டியில் ஒரு பாகங்கள் கோக்கும் வரிசையில் நிற்கிறாள்.

தனிச்சீமை வரட்டும், வராமல் போகட்டும். வந்தால் இந்த உள்ளூர்க் கணக்கு மறுபடி எழுதப்படும். 2014 சட்டத்தில் இரண்டு மாநிலப் பிள்ளைகளுக்காகவும் பழைய ஒதுக்கீடு பத்து வருஷம் தொடரும் என்று ஒரு பிரிவு எழுதி வைத்தார்கள். அவர்களுக்காகப் பேச ஆள் இருந்தது, எழுதினார்கள். நமக்காக அந்த இடத்தில் யார் இருப்பார்கள்? மருமகன் தம்பி ஸ்ரீபாக் மீறப்பட்டது என்கிறார். மீறாமல் என்ன செய்வார்கள், வீட்டில் உட்கார்ந்து எழுதினது அது. 371-டி மீறப்படவில்லை, ஏனென்றால் அதை எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம்.

பாலாற்றங்கரை:
டீச்சர் அக்கா சொன்ன அதே சிக்கல் குப்பத்திலும் உண்டு. இங்கே பிள்ளைகள் கிருஷ்ணகிரிக்கும் வாணியம்பாடிக்கும் போகிறார்கள். ஊரிலேயே திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது, தமிழ்த் துறை இருக்கிறது. அதற்குள் நுழைகிற வரைக்கும் பள்ளிக்கூடத் தமிழ் உயிரோடு இருக்க வேண்டுமே.

நகரித்_தறி:
இப்படி ஒரு கோணம் இருப்பதே இந்த இழை தொடங்கும்போது மனசில் இல்லை, என் பெண் ஏழாவது படிக்கிறாள். அடுத்த வருஷம் திருத்தணியில் சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வக்கீல் சார், ஒரு சந்தேகம். பத்தாவது வரை திருத்தணியில் தமிழில் படித்துவிட்டு, இன்டர்மீடியட் (பதினொன்று, பன்னிரண்டு) மட்டும் நகரியில் படித்தால் உள்ளூர் ஆகுமா?

சித்தூர்_வக்கீல்:
நாலு வருஷ விதிக்கு ஆகாது, இன்டர் இரண்டு வருஷம்தான். ஏழு வருஷக் கணக்குக்கு ஏழு வருஷமும் ஆந்திரத்துக்குள்ளேயே படித்திருக்க வேண்டும், அதில் அதிகமான வருஷம் எந்த உள்ளூர்ப் பகுதியில் என்றுதான் பார்ப்பார்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை எண்ணுங்கள்.  ஆறு, ஏழு நகரியில், எட்டு, ஒன்பது, பத்து திருத்தணியில், மறுபடி இன்டர் இரண்டு வருஷம் நகரியில் என்றாலும் நடுவில் மூன்று வருஷம் வெளிமாநிலம், கணக்கு இடிக்கலாம். எப்படியானாலும் ஆவணம் ஒவ்வொரு வருஷத்துக்கும் கையில் இருக்க வேண்டும். சேர்க்கை விதியை அந்தந்த வருஷம் மாற்றுகிறார்கள், அறிவிப்பு வந்ததும் ஒரு முறை என்னிடம் காட்டுங்கள்.

வடவேங்கடம்:
இதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. நகரி எங்களோடு வந்திருந்தால் அந்தக் குழந்தை இந்தக் கணக்குப் போட வேண்டியதே இல்லை. நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் டீச்சரம்மா கேட்பதைத் தமிழ்நாட்டு அரசிடமும் கேட்கலாம். எல்லை தாண்டி வந்து தமிழ்வழியில் படிக்கிற ஆந்திரத் தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே சாதிச் சான்றிதழை ஏற்றுக்கொள்ளச் சொல்லலாம். அதற்கு எல்லையை நகர்த்த வேண்டியதில்லை. மனு எழுதுங்கள் அம்மா, திருத்தணியில் கையெழுத்து வாங்கித் தருவது என் பொறுப்பு.

கிளிமூக்கு:
ஐயா எல்லையை நகர்த்த வேண்டியதில்லை என்று எழுதிவிட்டார். யாராவது படம் பிடித்து வையுங்கள்.

கடப்பா_மருமகன்:
நான் 16-ஆம் தேதி கர்னூல் கூட்டத்துக்குப் போகிறேன், தனிச்சீமைதான் வேண்டும் என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் டீச்சர் கேட்டதை அங்கே எழுந்து கேட்பேன். புது மாநிலத்தில் சித்தூர்த் தமிழ்ப் பிள்ளை உள்ளூரா இல்லையா, தமிழ்வழிப் பள்ளி சட்டத்தில் வருமா வராதா என்று. சீமைக்காரர்கள் கடலோரத்தானிடம் கேட்கிற அதே கேள்விதான், முகத்தைத் திருப்பினால் அதையும் வந்து எழுதுகிறேன்.

டீச்சரம்மா_சத்தியவேடு:
தெலுங்கில் எழுதிக் கொண்டு போங்கள் தம்பி. வாயால் சொன்னால் கூட்டத்தில் கரைந்துவிடும். இன்று ராத்திரி நான் ஒரு பக்கம் எழுதி அனுப்புகிறேன், வக்கீல் சார் ஒரு தடவை பார்த்துக் கொடுக்கட்டும். பள்ளிப் பட்டியலை மண்டலவாரியாகச் சேர்க்க வேண்டும். நகரி, விஜயபுரம், நிண்ட்ரா பக்கம் எது எது இன்னும் திறந்திருக்கிறது என்று நகரித்_தறி விசாரித்துச் சொல்லுங்கள். குப்பம், சாந்திபுரம் பாலாற்றங்கரை பார்த்துக்கொள்ளட்டும்.

நகரித்_தறி:
ஞாயிற்றுக்கிழமை தறி நிறுத்தம், அன்றைக்குப் போய்ப் பார்த்துவிட்டுப் பட்டியலைப் போடுகிறேன்.